விட்ட பீடி திரும்பி வராமல் இருக்க

(சுகாதாரப் பாடம். வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவும்.)



பீடி, சிகரட், சுருட்டு ஆகியவற்றால் வரும் வியாதிகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம் தோட்டங்களில் இல்லை. டிஸ்பென்சரிச் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. சிகரட் பெட்டியின் மேலேயே வியாதிப் படத்தை அச்சடித்துத்தான் விற்கிறார்கள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே நெருப்புப் பெட்டியைத் தேடுகிறவர்களும் உண்டு.

"நல்லதில்லைன்னு தெரியுங்க, விடத்தான் முடியல" என்று அநேகர் சொல்வார்கள். கொஞ்சம் விசாரித்துப் பார்த்தால் அவர்கள் பல தடவை விட்டிருக்கிறார்கள். மூத்த பிள்ளை பிறந்தபோது விட்டார்கள். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது விட்டார்கள். விட்டது நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே இந்தப் பாடத்தில் வியாதிகளின் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு, விட்டவர் ஏன் திரும்பவும் பற்றவைக்கிறார், பற்றவைக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

மாலை போட்ட மாதம்

கார்த்திகை பிறந்ததும் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி குடித்தவர்கூட மாலை போட்ட அன்றிலிருந்து அதைத் தொடுவதில்லை. 41 நாள் விரதம். விடியற்காலைக் குளிரில் பச்சைத் தண்ணீர்க் குளிப்பு, மரக்கறிச் சாப்பாடு, தரையில் படுக்கை. பீடி, சாராயம் இரண்டும் கிடையாது. கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்கள், மாசியில் காமன் கூத்துக்குக் காப்புக் கட்டியவர்கள், தவக்காலம் அனுஷ்டிக்கும் கிறிஸ்தவக் குடும்பத்தார், பகல் முழுவதும் நோன்பிருக்கும் முஸ்லிம் அயலவர்கள், இவர்களிடத்திலும் இதே கட்டுப்பாட்டைப் பார்க்கலாம்.

மாலை கழற்றிய அன்று அந்தியில் என்ன நடக்கிறது? அதே ஆள் கடைச் சந்தியில் நிற்கிறார். கையில் பீடி.

இந்த 41 நாளைச் சும்மா விட்டுவிட வேண்டாம், நமக்குத் தேவையான பாடம் இதற்குள்ளேதான் இருக்கிறது. புகையிலையில் உள்ள நிகொட்டின் என்ற பொருள்தான் ஆளை அடிமைப்படுத்துகிறது. பீடியை நிறுத்தினால் உடம்பில் அதன் ஏக்கம் முதல் இரண்டு மூன்று நாளில் மிகக் கடுமையாக இருக்கும். பிறகு குறைந்து வந்து, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். அப்படிப் பார்த்தால் மாலை கழற்றும் நாளில் நம் சாமி மிகவும் கஷ்டமான இடத்தைத் தாண்டிவிட்டார். டொக்டர் உதவி, மருந்து எதுவும் இல்லாமலே தாண்டினார். பிறகு 42ஆம் நாள் ஏன் பற்றவைக்கிறார்?

முதற் காரணம், விரதத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. அவர் பீடியை விடவில்லை, ஒத்திப் போட்டிருந்தார். இரண்டாவது காரணத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மாலை போட்டிருக்கும்போது அவரைக் கங்காணியும் "சாமி" என்கிறார், கடைக்காரரும் "சாமி" என்கிறார். எவரும் அவரிடம் பீடிக் கட்டை நீட்டமாட்டார்கள். நீட்டினால் பாவம் நீட்டியவருக்கு. வீட்டில் அவருக்கென்று தனிச் சமையல் நடக்கிறது. அந்தி நேரத்தில் கடைப் பக்கம் போகாமல் பஜனைக்குப் போகிறார். இப்படி ஊரே சேர்ந்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது. மாலை கழன்றதும் அவர் மறுபடியும் "மச்சான்" ஆகிவிடுகிறார். மச்சானுக்குப் பீடி கொடுக்காவிட்டால் அது மரியாதைக் குறைவு!

விரதத்தின்போது கிடைத்த அந்தத் தாங்கலை விரதம் முடிந்த பிறகும் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

உடம்புக்குள் நடப்பது

இழுத்த புகையில் உள்ள நிகொட்டின் பத்து விநாடி அளவில் மூளைக்குப் போய்விடுகிறது. கொஞ்ச நேரம் மனசு லேசாக இருக்கும். அதன் அளவு இறங்க இறங்க எரிச்சல், படபடப்பு, வேலையில் மனம் நில்லாமை வரும். அடுத்த பீடி அதைத் தணிக்கும். முந்தின பீடி போட்ட முடிச்சை அடுத்த பீடி அவிழ்க்கிறது. இதைத்தான் நாம் "பீடி குடிச்சா கவலை தெரியல" என்று சொல்கிறோம்.

சிகரட்டை விடப் பீடி லேசானது, இலையில் சுற்றியது, கெடுதி குறைவு என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. பீடி இலை காகிதத்தைப் போலக் காற்றை விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பீடியில் தூள் கொஞ்சமாக இருந்தாலும் தாரும் நச்சு வாயுவும் சிகரட்டுக்குக் குறையாமல், பல வேளைகளில் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

விட்ட முதல் வாரங்களில் சில தொல்லைகள் வரும். இவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, தெரியாதவர்கள் பயந்துபோய்த் திரும்பவும் குடிக்கிறார்கள்.

"விட்டதுக்கப்புறம்தாங்க இருமலே வந்திச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. சுவாசக் குழாயின் உட்பக்கத்தில் நுண்ணிய மயிர் போன்றவை இருக்கின்றன. அழுக்கையும் சளியையும் மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றை மந்தமாக்கி வைத்திருந்தது. விட்ட பிறகு அவை மறுபடியும் வேலை செய்யத் தொடங்குவதால் கொஞ்ச நாளைக்குச் சளி கூடுதலாக வரலாம். ஆனால் இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, அந்தியில் காய்ச்சலும் உடம்பு மெலிவும் சேர்ந்தாலோ "பீடியை விட்டதாலதான்" என்று இருந்துவிடாதீர்கள். சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம்.

இன்னொன்றை வெட்கப்படாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. "காலையில ஒரு பீடி இழுத்தாத்தான் வெளிக்கு வரும்" என்பது பலருடைய அனுபவம். நிகொட்டின் குடலைத் தூண்டுவது உண்மைதான். விட்டால் சில நாளைக்கு மலச்சிக்கல் இருக்கும். எழுந்தவுடன் ஒரு கோப்பை சுடுதண்ணீர், பகலில் கீரை, பப்பாளிப் பழம், போதுமான தண்ணீர் என்று பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

அடுத்தது தேத்தண்ணி. தேயிலையில் வாழும் நமக்கே பலருக்குத் தெரியாத சங்கதி இது. புகைப்பவரின் உடம்பு தேயிலையில் உள்ள கஃபீனை வேகமாகக் கழித்துவிடுகிறது. பீடியை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. ஆகவே வழக்கமாகக் குடிக்கும் அதே ஐந்து கோப்பைச் சாயத்தண்ணி இப்போது கூடுதலாக வேலை செய்யும். நெஞ்சு படபடக்கும், இராத்தூக்கம் வராது. "பீடியை விட்டதால தூக்கம் போச்சு" என்று நினைப்போம். பாதிக் காரணம் தேத்தண்ணியாகவும் இருக்கலாம். முதல் மாதத்தில் சாயத்தைக் குறைத்து ஊற்றுங்கள், அந்திக்குப் பிறகு வேண்டாம். (தேயிலை வேண்டாம் என்று தோட்டப் பத்திரிகையில் எழுதுகிறானே என்று கோபிக்க வேண்டாம். ஒரு மாதத்துக்குத்தான்.)

இழுப்பு வியாதிக்குத் தியோபிலின் மாத்திரை குடிப்பவர்களும் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் பீடியை நிறுத்தினால் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அதே காரணத்தால் சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டிவரும்.

"குளிருக்கு ஒரு பீடி" என்பது மேல்மலைத் தோட்டங்களில் பெரிய சாக்கு. உண்மையில் நிகொட்டின் கை கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பீடி நெருப்பு உதட்டுக்குச் சூடாக இருக்கும், விரல் நுனியோ மேலும் குளிர்ந்துபோகும். மருந்து அடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இன்னுமொன்றையும் யோசிக்க வேண்டும். கை கழுவாமல் பீடியை வாயில் வைத்தால் புகையோடு மருந்தும் போகிறது.

"ஒண்ணு தானே, மச்சான்"

ஏக்கம் நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அலை மாதிரி வரும், சில நிமிடத்தில் இறங்கிவிடும். ஒரு கேத்தல் தண்ணீர் கொதிப்பதற்குள் பெரும்பாலும் போய்விடும். அந்த அலை எந்த நேரத்தில் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். விடியற்காலைத் தேத்தண்ணியோடு வரும். பிரட்டுக்களத்தில் பேர் போடும் வரை நிற்கும்போது வரும். மலையில் தேத்தண்ணி நேரத்தில், பகல் சாப்பாட்டுக்குப் பின், வேலை விட்டு இறங்கி வரும்போது கடைச் சந்தியில் வரும். சம்பள நாளில் கட்டாயம் வரும். சாராயம் உள்ளே போனால் கேட்கவே வேண்டாம். பீடியை விட்டவர் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குச் சாராயத்தையும் தள்ளி வைப்பதே புத்தி.

ஒவ்வொரு நேரத்துக்கும் மாற்று ஒன்றை முதல் நாள் இராத்திரியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்கலாம் என்றால் யோசனை பீடிப் பக்கம்தான் போகும். எழுந்ததும் முதலில் முகம் கழுவிப் பல் விளக்கிய பிறகே தேத்தண்ணி. சட்டைப் பையில் பீடி இருந்த இடத்தில் ஒரு துண்டு இஞ்சியோ கறுவாப்பட்டையோ கொஞ்சம் கச்சானோ. வேலை விட்டு வரும்போது கடைச் சந்தியைத் தவிர்த்துக் குறுக்குப் பாதை. இது சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். விரத காலத்தில் நடந்ததும் இதுவேதான், வேளையும் இடமும் மாறியிருந்தன.

விட்டவர் திரும்ப விழும் இடங்களில் மிகவும் ஆபத்தானது சாவு வீடு என்பது என் அபிப்பிராயம். மனசு கலங்கியிருக்கும், இராமுழுக்க விழித்திருக்க வேண்டும், வெற்றிலைத் தட்டத்தில் பீடியும் சிகரட்டும் சும்மா கிடக்கும்.

"எடுங்க மாமா."

"இல்லப்பா, நான் விட்டுட்டேன்."

"அட, எத்தன நாளா? இன்னைக்கி ஒரு நாளைக்கி ஒண்ணு தானே மாமா. என்னா ஆகப்போகுது?"

இந்த உரையாடலைக் கேட்காதவர் யாராவது உண்டா? பீடி நீட்டுகிற பையன் கெட்டவன் அல்ல. உபசரிக்கிறான். "விட்டுட்டேன்" என்று சொன்னால் பேச்சு வளரும், எத்தனை நாள், ஏன், என்ன வருத்தம் என்று கேள்வி வரும். "எனக்கு வேணாம் தம்பி, ஒரு தேத்தண்ணி குடு" என்று சொல்லிவிட்டால் அவனுக்கும் உபசரித்த திருப்தி, நமக்கும் தொல்லை இல்லை. தட்டத்தைத் தாண்டி வேறு பக்கமாக உட்காருவதும் நல்லது.

அப்படியிருந்தும் ஒன்றைக் குடித்துவிட்டால்? பலர் இங்கேதான் மொத்தமாகக் கைவிடுகிறார்கள். "போச்சு, இனி என்ன" என்று மறுநாள் ஒரு கட்டே வாங்கிவிடுகிறார்கள். ஒரு நாள் மேலுக்கு முடியாமல் பேர் போடவில்லை என்றால் அந்த மாதம் முழுவதும் வேலைக்குப் போகாமல் இருப்போமா? மறுநாள் பிரட்டுக்குப் போவோம். இதுவும் அப்படியே. எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது குடித்தோம் என்று பார்த்து, அடுத்த தடவை அந்த இடத்துக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். முழுதாக விட்டவர்களில் அநேகர் முதல் முயற்சியில் விட்டவர்கள் அல்லர்.

எதற்காக விடுகிறோம்

25 வயதுத் தம்பியிடம் 60 வயதில் வரும் புற்றுநோயைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவான். காரணம் கிட்டத்தில் இருக்க வேண்டும், தினமும் கண்ணில் பட வேண்டும்.

சிலருக்கு அது காசு. கணக்குப் பார்க்க வசதியாக ஒரு சிகரட்டை 100 ரூபா என்று வைப்போம். நாளைக்கு ஐந்து என்றால் 500 ரூபா, முப்பது நாளைக்கு 15,000 ரூபா. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளக் கணக்கில் 15,000 ரூபா என்பது 11 நாளுக்கு மேற்பட்ட வேலை. மாதத்தில் 11 நாள் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறியது புகையாகப் போகிறது. பீடி குடிப்பவர் தன் கட்டின் விலையை வைத்துத் தானே கணக்குப் போடட்டும். தொகை குறைவாக இருக்கும், ஆனால் வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் பிள்ளையின் பாடசாலைச் செலவு அதில் இருக்கிறது. அந்தக் காசை அன்றன்றே ஒரு டின்னில் போடுங்கள். போடாவிட்டால் அது வேறு வழியில் கரைந்துவிடும், விட்டதன் பலன் கண்ணுக்குத் தெரியாது.

சிலருக்குக் காரணம் பிள்ளை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்புப் புகையே போதாதா? அதோடு பீடிப் புகையும் சேர்ந்தால் கைக்குழந்தைக்கு நியூமோனியா, இழுப்பு, காதில் சீழ் வரும் வாய்ப்புக் கூடுகிறது. கர்ப்பிணி மனைவி பக்கத்தில் இருந்து அந்தப் புகையைச் சுவாசித்தால் பிறக்கும் குழந்தையின் நிறை குறையலாம். "நான் இஸ்தோப்புல இருந்துதானே குடிக்கிறேன்" என்பார்கள். லயத்தில் இஸ்தோப்புக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரு கதவுதான், அதுவும் திறந்தே இருக்கும்.

"ஓடிப்போயி அப்பாவுக்கு ஒரு கட்டு வாங்கிட்டு வா" என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் பழக்கமும் நிற்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். கடைக்காரரையும் சிக்கலில் மாட்டி, பிள்ளைக்கும் வழியைக் காட்டிக் கொடுக்கிறோம்.

உடம்பிலும் சீக்கிரமே பலன் தெரியும். ஒரு நாளைக்குள் இரத்தத்தில் உள்ள கார்பன் மொனொக்சைட் நச்சு வாயு இறங்கிவிடும். சில நாளில் கறியின் ருசியும் மணமும் திரும்பும். சில வாரங்களில் ஏற்றத்தில் மூச்சு வாங்குவது குறையத் தொடங்கும். ஒரு வருடத்தில் புகையால் வந்த மாரடைப்பு ஆபத்துப் பாதியளவாகக் குறையும். பத்து வருடத்தில் சுவாசப்பைப் புற்றுநோய் ஆபத்தும், தொடர்ந்து புகைப்பவரோடு பார்த்தால், பாதியாகும். 50 வயதிலும் 60 வயதிலும் விட்டவர்களுக்கும் நன்மை உண்டு. "இனி விட்டு என்னத்துக்கு" என்று பெரியவர்கள் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்காரம்மாவுக்கு

முதல் இரண்டு மூன்று வாரம் அவருக்குக் கோபம் சட்டென்று வரும். கடன் கணக்கு, மாமியார் கதை எல்லாவற்றையும் அந்த மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். சட்டைப் பையைச் சோதிப்பதும், "இன்னைக்கி குடிச்சீங்களா?" என்று வாசலிலேயே கேட்பதும் பலன் தராது. ஒளித்துக் குடிக்கத்தான் பழகுவார். "என்னங்க, இன்னையோட இருவது நாளாச்சி" என்று நாட்காட்டியைக் காட்டிச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கொண்டு நாட்காட்டியில் கோடு போடச் செய்யலாம். மாலை போட்ட காலத்தில் நீங்கள் கொடுத்த அதே மரியாதையை இப்போதும் கொடுத்துப் பாருங்கள்.

பீடியை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது அடுப்பிலிருந்து எடுத்த கொள்ளியைக் கூரையில் செருகுவது போல. அதே நிகொட்டின் வாய் வழியாகப் போகிறது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மென்றாலும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி இருக்கிறது. நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னுக்கு நிற்பது வாய்ப் புற்றுநோய். கொழுந்து மலையில் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகியிருக்கும் நம் அக்காமார்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்காரரின் பீடியைக் கண்டிக்கும்போது நம் கன்னத்தில் புகையிலை அடக்கியிருக்கக் கூடாது, பாருங்கள். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை அகலத் திறக்க முடியாத இறுக்கம், காரம் பட்டால் எரிச்சல், இதில் எது இருந்தாலும் உடனே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

உதவி கேட்பதில் வெட்கமில்லை

நாளைக்கு இரண்டு மூன்று குடிப்பவர் தன் மனசை வைத்தே விட்டுவிடலாம். எழுந்த அரைமணிக்குள் பற்றவைக்கிறவருக்கும் ஒரு கட்டு இரண்டு கட்டுக் குடிப்பவருக்கும் உதவி இருந்தால் நல்லது. நிகொட்டின் சுவிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்றவற்றை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எல்லா இடத்திலும் இவை இலகுவாகக் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

தோட்ட வைத்திய உதவியாளரிடம் அல்லது நலன்புரி உத்தியோகத்தரிடம் விடப்போகும் திகதியைச் சொல்லி வையுங்கள். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் அது. நம் பாட்டன்மாரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்த வருடமும் அதுவே. நம்மவர்களுக்கு மறந்துபோகாத இலக்கம்.

கூடிப் பேசுவதற்கு

லயத்தில் இதை வாசித்த பிறகு, முன்பு விட்டுத் திரும்பவும் தொடங்கியவர்கள் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். யாரும் கேலி செய்ய வேண்டாம். எத்தனை நாள் விட்டிருந்தார், எந்த இடத்தில் திரும்பவும் குடித்தார், அன்று பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். இந்த வருடம் மாலை போடுகிறவர்கள் யார் யார்? அவர்களில் மாலை கழற்றிய பிறகும் பீடியைத் தொடாமல் இருக்க விரும்புகிறவர் உண்டா? அவருக்குப் பிரட்டில் பக்கத்தில் நிற்கப் போவது யார்?

உங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது? சாவு வீட்டுத் தட்டத்தில் பீடி, சிகரட் வைப்பதா வேண்டாமா என்று அங்கே எழுந்து கேட்கப் போவது யார் என்பதையும் இன்றே பேசிக்கொள்ளுங்கள்.